மரப்பு ஊசியும் அப்பாவின் லாரியும்

என்னால் ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. சாப்பிடும்போதே பாதியில் எழுந்துபோய் ஃபேன் வேகத்தைக் கூட்டிவிட்டு வருகிற ஆள் நான். பாத்திரக்கடைக்காரனுக்கு இது ஒரு குறையே இல்லை. தி. நகரில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் நான் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். கல்லாவில் உட்கார என் மனைவி ராஜி இருக்கிறாள். இப்படிப்பட்டவனைப் பிடித்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, அசையாதே என்று கிடத்தினால் என்ன ஆகும் என்பதைத்தான் எழுதப்போகிறேன். நாளைக்கு நீங்கள் பல் பிடுங்கவோ, கையைக் காலை உடைத்துக்கொண்டோ போய் நிற்கும்போது டாக்டர் ஒரு சாதாரணக் கேள்வி கேட்பார். அதற்கு எங்கள் வீட்டார் சொன்ன மாதிரி மட்டும் பதில் சொல்லிவிடாதீர்கள்.

ஆடி மாதக் கூட்டம். ஓர் அம்மாள் பெரிய அண்டா வேண்டும் என்றார். அது பரணில் இருந்தது. ஆள் வரட்டும், கொஞ்சம் இருங்கள் என்று ராஜி சொன்னாள். இருப்பதுதான் எனக்கு வராதே. ஏணியில் ஏறிவிட்டேன். இறங்கும்போது கால் தவறியது. அண்டாவைக் கட்டிப்பிடித்தபடியே விழுந்ததில் அதற்கு ஒரு நெளிவும் இல்லை, என் வலது மணிக்கட்டு மட்டும் உடைந்தது. கீழே கிடந்துகொண்டு "அண்டாவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டேனாம். என்னைப் பார்க்க வருகிறவர்களிடம் ராஜி முதலில் சொல்வது இதைத்தான்.

மயிலாப்பூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு விலகியிருக்கிறது, தகடு வைக்க வேண்டும் என்றார் எலும்பு டாக்டர். முழு மயக்கம் தேவையில்லை, கையை மட்டும் மரக்கவைத்துச் செய்துவிடலாம் என்றார். அப்படியென்றால் சாயங்கால வியாபாரத்துக்குக் கடையில் நிற்கலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

மயக்க மருந்து டாக்டர் ஓர் இளைஞர். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், "குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?" என்றார்.

"அப்பா முப்பத்தாறு வயசுல போயிட்டாங்க. ஆனா அது லாரி ஆக்சிடென்ட், டாக்டர்."

பக்கத்தில் என் அக்கா பொன்னுத்தாய் நின்றிருந்தாள். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள்; மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கிறாள். அப்பா போனபோது எனக்கு நாலு வயது என்பதால் அம்மாவும் அக்காவும் சேர்ந்துதான் என்னை வளர்த்தார்கள்; அம்மா இப்போது இல்லை. நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட குடும்பம். இத்தனை வருஷம் சென்னையில் இருந்தும் அக்காவின் பேச்சு மாறவில்லை.

"எங்க குடும்பத்துல யாருக்கும் ஒரு கொறையும் கெடையாது டாக்டர். அத்தனை பேரும் கல்லு மாதிரி ஆளுவ" என்றாள்.

அவள் அதைச் சொன்ன விதம் எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. எங்கே என்று யோசிப்பதற்குள் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

கழுத்தடியில் காறை எலும்புக்கு மேலே, கைக்குப் போகிற நரம்புகள் கூடும் இடத்தில் ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் வலது கை என்னுடையது இல்லாமல் போனது. இடது கையால் அதைத் தூக்கிப் பார்த்தேன்; யாரோ அசந்து தூங்குகிறவரின் கையைத் தூக்குவதுபோல் இருந்தது. டாக்டரிடம் அவர் வீட்டில் என்ன பாத்திரத்தில் சமைக்கிறார்கள் என்று விசாரித்தேன். நான்ஸ்டிக் என்றார். அதன் தீமைகளை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது நெஞ்சில் இரண்டு இடங்களில் தோசைக்கல் பட்டதுபோல் எரிந்தது. மூச்சு இழுத்தால் விலா வலித்தது. பாட்டிலில் வெள்ளையாக ஏதோ இறங்கிக்கொண்டிருந்தது. "பாலா ஏத்துறீங்க?" என்று கேட்டேன். நர்ஸ் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் பெரியது என்று புரிந்தது.

இதய டாக்டர் ஓர் அம்மையார். வேகமாகப் பேசுவார், ஆனால் நாம் பேசினால் அவசரப்படாமல் கேட்பார். நடந்ததை அவர்தான் சொன்னார். ஊசி போட்ட சிறிது நேரத்தில் திரையில் என் இதயத்தின் கோடு உருமாறியிருக்கிறது. அந்த இளம் டாக்டர் அதைக் கவனித்து ஆட்களைக் கூப்பிடுவதற்குள் இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிட்டது. நடுங்குகிற இதயம் ரத்தத்தைத் தள்ளாது. நெஞ்சை அமுக்கி, ஷாக் கொடுத்து மீட்டிருக்கிறார்கள். அந்த வெள்ளைத் திரவம் கொழுப்புக் கரைசல். ரத்தத்தில் கலந்த மரப்பு மருந்தை உறிஞ்சிக்கொள்ள அதை ஏற்றுவார்களாம். அதாவது நான் கொஞ்ச நேரம் செத்திருக்கிறேன். நான்ஸ்டிக்கைத் திட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

"இதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம்" என்றார் அந்த அம்மையார். "ஒண்ணு, மருந்து எப்படியோ ரத்தத்துல வேகமா கலந்திருக்கலாம். அபூர்வம், ஆனா யாருக்கும் நடக்கலாம். அப்படின்னா இதோட முடிஞ்சுது. இன்னொண்ணு, உங்க இதயத்துலயே பிறவியில ஒரு கோளாறு இருந்து, மருந்து அதை வெளியில கொண்டுவந்திருக்கலாம்."

அதையும் விளக்கினார். இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் உப்புச் சத்து உள்ளே போக நுண்ணிய கதவுகள் உண்டு. அது உள்ளே பாயும்போது உண்டாகிற மின்சாரத்தில்தான் இதயம் துடிக்கிறது. நரம்பிலும் அதே மாதிரிக் கதவுகள். மரப்பு மருந்து செய்வது அந்தக் கதவுகளை அடைப்பதுதான். அதனால்தான் வலி மூளைக்குப் போவதில்லை. சிலருக்கு இதயத்தின் கதவுகள் பிறக்கும்போதே சரியாகத் திறப்பதில்லை. ப்ருகாடா என்று அதற்குப் பெயர். நான் அதைக் கடை ஷட்டராக நினைத்துக்கொண்டேன். பிறவியிலேயே பாதி இறங்கிய ஷட்டர். மரப்பு மருந்து வந்து மீதியையும் இழுத்துவிட்டது. கடுமையான காய்ச்சலும் அதேபோல் இழுத்துவிடுமாம். எதுவும் வராவிட்டாலும் சிலர் தூக்கத்திலேயே போய்விடுவார்களாம்.

"இது பரம்பரையா வர்றது. ஒருத்தருக்கு வெளியில தெரியாமலேயே பிள்ளைக்குப் போகலாம். அதனாலதான் குடும்பத்தைப் பத்திக் கேட்டாங்க" என்றார்.

"அப்பாவுக்கு லாரி டாக்டர்" என்று மறுபடியும் சொன்னேன். ராஜியும் ஆமாம் என்று தலையாட்டினாள். அக்கா கால்மாட்டில் நின்று போர்வையை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்போ முதல் காரணமா இருக்க வாய்ப்பு அதிகம். பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார்.

ஐசியூவில் படுத்திருப்பது எனக்குச் சிறைவாசம். திரும்பிப் படுத்தால் ஒரு ஒயர் கழன்று மெஷின் கத்தும். நர்ஸ் ஓடி வருவார், முறைப்பார், ஒட்டிவிட்டுப் போவார். திரையில் எண்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நான் பார்க்கப் பார்க்க அவை ஏறும். கண்ணை மூடினால் தூக்கத்திலேயே போகிறவர்கள் ஞாபகம். இதற்கு நடுவில் எப்படியோ அசந்தால், பார்வையாளர் நேரத்துக்கு வரும் அக்கா என் பாதத்தைக் கிள்ளுவாள்.

"ஏலே, தூங்குதியா?"

"தூங்கிட்டிருந்தேன் அக்கா."

"சரி, தூங்கு."

இது அவளுடைய பழைய வியாதி. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னை நிம்மதியாகத் தூங்கவிட்டதில்லை. கல்யாணமான பிறகு அத்தானையும் விடவில்லை. மனுஷன் மதியத் தூக்கத்துக்காகவே தன் கடைக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவில் படுப்பார். அவள் மகள் கவிதா, "எங்கம்மா இருக்கிற வீட்டுல அலாரம் எதுக்கு?" என்பாள். நர்ஸ் ஒருநாள் அக்காவை நேராகவே திட்டிவிட்டார். "பேஷன்ட் தூங்கணும்மா. நீங்க ஏன் எழுப்பி எழுப்பிக் கேக்கறீங்க?"  அக்கா மறுநாளும் கிள்ளினாள்.

பிறகு வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்துக் கட்டிலில் ஏழுமலை என்கிற ஆட்டோ டிரைவர். இதயக் குழாயில் அடைப்பு எடுத்திருந்தார்கள். கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் பிறந்து வளர்ந்தவர். வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்தில் குடிவைத்துவிட்டார்கள். ஆட்டோ ஸ்டாண்டை மட்டும் மாற்றிக்கொள்ள மனமில்லாமல் தினமும் அங்கிருந்து வந்து ஓட்டுகிறவர்.

"இன்னா சார், படுத்ததுலேர்ந்து பொரண்டுக்கினே கீற? கட்டிலு இன்னா பாவம் பண்ணிச்சு?" என்று பேச்சைத் தொடங்கினார்.

பேசுவதற்கு ஆள் கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. அவருடைய அப்பா பஸ் மோதி இறந்தவராம். அதைச் சொன்னார் பாருங்கள், ஒரு மதியம் முழுக்கச் சொன்னார். அடையாறு சிக்னல், பஸ் எந்தப் பக்கம் திரும்பியது, டிரைவர் இறங்கி ஓடியது, பூக்காரம்மா தன் சேலைத்தலைப்பைக் கிழித்துக் கட்டியது, சட்டைப் பையில் இருந்த பீடிக்கட்டு நனையாமல் இருந்தது. "அந்தப் பீடிக்கட்டு இன்னும் வூட்ல கீது சார். நைனா ஞாபகமா வெச்சிக்கினு கீறேன்" என்றார்.

நான் புரள்வதை நிறுத்தினேன். எங்கள் வீட்டில் யாரும் அந்த லாரியைப் பற்றி ஒரு வார்த்தை அதிகமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு குக்கர் மூடி தொலைந்துபோனதை மூன்று வருஷம் பேசுகிற குடும்பம் எங்களுடையது. லாரி எந்தப் பக்கம் வந்தது, யார் தூக்கினார்கள், கேஸ் என்ன ஆனது, எதுவுமே தெரியாது. "லாரி" என்ற ஒரு சொல்லோடு சரி.

சாயங்காலம் வந்த ராஜியிடம் கேட்டேன். "எங்கப்பா எங்க வச்சு அடிபட்டாரு, உனக்குத் தெரியுமா?"

யோசித்தாள். "அத்தை திருச்சிகிட்டன்னு சொல்லியிருக்காங்க." உடனே நெற்றியைச் சுருக்கினாள். "ஆனா நம்ம கல்யாணத்தப்ப அண்ணி மதுரை ரோடுன்னுதான் சொன்னாங்க."

அப்போதுதான் பிடிபட்டது. 'எங்க குடும்பத்துல யாருக்கும் ஒரு கொறையும் கெடையாது' என்று அக்கா சொன்ன தொனியை நான் பெண் பார்க்கிற வீடுகளில் கேட்டிருக்கிறேன். ராஜியைப் பார்க்கப் போனபோது அவள் அப்பாவிடம் அக்கா அதே வரியைத்தான் சொன்னாள். கவிதாவுக்கு அடையாறிலிருந்து வரன் வந்தபோதும் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே அதையேதான் சொன்னாள். அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டர் கேட்டதற்கும், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்கிற பதிலைச் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த நாள் அவள் வந்து கிள்ளுவதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, லாரி எந்த ரோட்டுல வந்துச்சு?"

"இப்ப என்னத்துக்கு அது?"

"சொல்லு."

"ஒனக்குச் சோலி இல்ல, கிடந்து யோசிக்க." கொண்டுவந்த இட்லியைப் பிட்டு என் வாயருகே நீட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. ராஜி எழுந்துபோய்க் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். அக்கா நீட்டிய இட்லியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"லாரி எங்கயும் வரலலே. தூக்கத்துல போயிட்டாவ."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். அப்பா போன மறு வருஷம் அவளுக்கு வரன் வந்திருக்கிறது. நோயில் போனான் என்றால் பெண் எடுக்க யோசிப்பார்கள், லாரி என்றால் மேலே கேள்வி இருக்காது என்று பெரியப்பா முடிவு செய்திருக்கிறார். அம்மாவும் சம்மதித்திருக்கிறாள். அக்கா கல்யாணத்துக்கு ஓட ஆரம்பித்த லாரி என் கல்யாணத்துக்கும் வந்து, கவிதா கல்யாணம்வரை ஓடியிருக்கிறது. நானும் அதையே நம்பி டாக்டரிடம் ஒப்பித்திருக்கிறேன்.

"என்கிட்டயும் லாரிதான் சொன்னீங்க" என்றாள் ராஜி என்னைப் பார்த்து.

"என்கிட்டயும் லாரிதாம்மா சொன்னாங்க" என்றேன்.

கோபம் வந்தது, மறைக்க ஒன்றுமில்லை. செத்துப் பிழைத்தவனுக்கு முன்னால் நின்றுகூட இவளுக்குச் சொல்ல வாய் வரவில்லையே என்று இருந்தது. திட்டத்தான் வாயெடுத்தேன். அதற்குள் வேறொன்று உறைத்தது. கவிதா.

கவிதாவுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி தாய் வீட்டுக்கு, அதாவது அக்கா வீட்டுக்கு, அழைத்து வந்திருந்தார்கள். குழந்தை தலை மேலாக உட்கார்ந்திருப்பதால் ஆபரேஷன் என்று தி. நகரில் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் நாள் குறித்தாயிற்று. வயிற்றைக் கிழிப்பதற்கு முன் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைப்பார்கள். அதுவும் மரப்பு மருந்துதான். நாள் அடுத்த வாரம்.

"அக்கா, கவிதாவோட டாக்டர்கிட்ட இதைச் சொல்லணும். அவளுக்கு ஈசிஜி எடுக்கணும்."

"எனக்கு ஒண்ணும் செய்யலியே. அவளுக்கு எப்படி வரும்?"

"உனக்கு வெளியில தெரியாமலேயே அவளுக்குப் போயிருக்கலாமாம். டாக்டர் சொன்னாங்க."

"புள்ள நல்லபடியாப் பொறக்கட்டும். பொறவு சொல்லலாம்" என்றாள். குரல் கெஞ்சியது. "அவ மாமியாரு ஒண்ணுக்கு ரெண்டு தடவ கேட்டுதான் பொண்ணெடுத்தாவ. இப்ப போயி இதச் சொன்னா ஏமாத்திட்டோம்னு ஆயிரும். பொறக்கப்போற புள்ளைக்கும் வந்துச்சுன்னா, ஆயுசுக்கும் எம் மவளத்தான் குத்திக்காட்டுவாவ."

"ஊசி போட்ட பொறவு சொல்லி என்ன பிரயோசனம்? எனக்குப் பக்கத்துல ஷாக் பெட்டி இருந்துச்சு, ஆள் இருந்தாங்க. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில?"

அக்கா கையிலிருந்த இட்லியை டப்பாவிலேயே போட்டாள்.

"நீ சொல்றியா, நான் சொல்லவா?"

அவள் இட்லி டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டாள். அன்று என்னைத் தூங்குகிறேனா என்று கேட்கவில்லை.

என் டாக்டரிடம் அன்றே சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாம் என்றார். அந்தக் கதவுகளை அடைக்கிற ஒரு மருந்தை ரத்தக்குழாய் வழியாக மெதுமெதுவாக ஏற்றி, இதயத்தின் கோடு உருமாறுகிறதா என்று பார்ப்பார்கள். மாறினால் உடனே நிறுத்திவிடுவார்கள். ஷாக் பட்டைகளை முன்கூட்டியே நெஞ்சில் ஒட்டியிருப்பார்கள். என்னை எது சாய்த்ததோ அதன் பங்காளியை மறுபடி உள்ளே விடுவதற்கு நானே கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன், இடது கையால். மருந்து கால்வாசிகூட இறங்கவில்லை, டாக்டர் "போதும்" என்றார். அவர் திருப்பிக் காட்டிய திரையில் கோடு, சறுக்குமரம் மாதிரி உயர்ந்து சரிந்து கிடந்தது. ப்ருகாடாதான்.

நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பெட்டி வைக்க வேண்டும் என்றார். இதயம் மறுபடி நடுங்க ஆரம்பித்தால் அதுவே கண்டுபிடித்து உள்ளிருந்தே ஷாக் கொடுத்துவிடும். சரி என்றேன். அதை எப்படி வைப்பீர்கள் என்று கேட்டேன்.

"காறை எலும்புக்குக் கீழே அந்த இடத்தை மட்டும் மரக்கவைச்சு..." என்றவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

வாய்விட்டே சிரித்தேன். பயத்தில் வருகிற சிரிப்பு அது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மரப்பு மருந்துகள் எல்லாம் ஒன்று இல்லை. கைக்குப் போட்டது இதயத்தின் கதவைப் பிடித்தால் லேசில் விடாத வகை. அதுவும் பெரிய அளவில் போட்டது. இது லிக்னோகெய்ன், பிடித்தாலும் சட்டென்று விட்டுவிடும், போடப்போவதும் கொஞ்சம்தான். முன்னே தெரியாமல் நடந்தது, இப்போது தெரிந்து தயாராகச் செய்கிறோம் என்றார். தெரிவதற்கும் தெரியாததற்கும் இருக்கிற தூரம் எனக்கு அங்கேதான் புரிந்தது. கவிதாவைப் படுக்கவைக்கப்போகிற மேஜை என் கண்முன்னே வந்துகொண்டே இருந்தது.

ஊசி குத்தியபோது அந்த இளம் மயக்க டாக்டர் என் தலைமாட்டில் நின்றார். "எங்க வீட்டுல நான்ஸ்டிக்கைத் தூக்கிப் போட்டுட்டோம் சார்" என்றார். பொய்யாகத்தான் இருக்கும். ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தேன். பேச்சு நின்றால்தான் பயமாக இருந்தது. பெட்டியைத் தைத்து முடிக்கும்வரை பேசினேன். இதயம் ஒழுங்காக இருந்தது.

பெட்டி வைத்த மறுநாள் கவிதாவின் மாமியார் என்னைப் பார்க்க வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடிப் பை, மயிலாப்பூர்க் கோயில் விபூதி. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர், எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற பெண்மணி. அவரிடம் அக்கா 'லேசா பிரஷர்' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். அக்கா ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ராஜி சாத்துக்குடி உரித்தாள். அக்கா சொல்வாள் என்று நானும், நான் சொல்லிவிடுவேனோ என்று அக்காவும் காத்திருந்தோம்.

"கை உடைஞ்சதுக்கு எதுக்கு நெஞ்சுல தையல்?" என்றார் அவர். "பிரஷர்னு சொன்னாங்களே. உங்க வீட்டுல முன்னாடி யாருக்காவது ஹார்ட் பிராப்ளம் இருந்துச்சா என்ன?"

அக்காவின் வாய் பழக்கத்தில் திறந்தது. "எங்க குடும்பத்துல யாருக்கும்..." அவ்வளவுதான் வந்தது.  முந்தானையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா லாரியில அடிபடல சம்பந்தி. தூக்கத்துல போனாவ. முப்பத்தாறு வயசு. இவனுக்கும் அதான் வந்திருக்கு. கவிதாவுக்கும் இருக்கலாம். முதுகுல ஊசி போட்டா ஆபத்து. நான் உங்ககிட்ட பொய் சொல்லித்தான் பொண்ணக் குடுத்தேன்."

பக்கத்துக் கட்டிலில் ஏழுமலை எழுந்து உட்கார்ந்தார். சம்பந்தியம்மாளின் முகம் இறுகிவிட்டது.

"நான் ரெண்டு வாட்டி கேட்டேனே" என்றார்.

"கேட்டிய."

"தூக்கத்துலன்னா? ராத்திரியா?"

"ஞாயித்துக்கெழம மத்தியானம். கொஞ்சம் சாயுதேன்னு படுத்தாவ. நான்தான் காப்பி போட்டு எழுப்பப் போனேன்." அக்கா இதை எங்களிடம்கூடச் சொன்னதில்லை. "கூப்பிட்டேன், எந்திரிக்கல. நல்லாத் தூங்குதாவ, பாவம், வாரம் பூரா நிக்கிற மனுசன்னு நெனச்சேன். காப்பிய மூடிவச்சிட்டு வந்துட்டேன். அரமணிநேரம் கழிச்சு மறுபடி போனேன். காப்பியும் ஆறியிருந்துச்சு, காலும் ஆறியிருந்துச்சு."

"உனக்கு அப்ப என்ன வயசு?" என்றார் சம்பந்தியம்மாள். அதுவரை நீங்கள் என்றுதான் பேசுவார்.

"பதினேழு."

 அவர் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார். "என்கிட்ட சொல்லாதது தப்பு. பெரிய தப்பு. அதை நான் மறக்கமாட்டேன்" என்றார். அடுத்த மூச்சில், "அவளுக்கு ஈசிஜி எங்க எடுக்கணும்? இப்பவே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

எடுத்தார்கள். வழக்கமான இடத்தில் ஒட்டியபோது ஒன்றுமில்லை. ஒயர்களை ஒரு விலா எலும்பு மேலே தள்ளி ஒட்டியதும் அந்தச் சறுக்கல் லேசாகத் தெரிந்தது. என் டாக்டரே பேசி, கவிதாவைப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள். முதுகில் ஊசி வேண்டாம் என்று முடிவு செய்து, ஒத்துக்கொள்ளும் மருந்துகளாகப் பார்த்து முழு மயக்கம் கொடுத்தார்கள். நெஞ்சில் ஷாக் பட்டைகள் தயாராக இருந்தன. நான் வெளியே நடைபாதையில் நடந்துகொண்டே இருந்தேன். காவலாளி மூன்று தடவை உட்காரச் சொன்னார். பெண் குழந்தை. தாய்க்கும் ஒன்றுமில்லை. அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் சத்தமாக அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

என் மகனுக்கும் எடுத்துப் பார்த்தார்கள்; ஈசிஜியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் காய்ச்சல் வந்தால் உடனே இறக்க வேண்டும், அவ்வப்போது பார்க்க வேண்டும். குழந்தைக்கும் அப்படித்தான். எங்கள் எல்லார் பர்ஸிலும் எந்த மருந்துகள் ஆகாது என்று எழுதிய அட்டை இருக்கிறது. என் மணிக்கட்டு தகடு வைக்காமல் மாவுக்கட்டிலேயே ஒட்டிக்கொண்டது, கொஞ்சம் கோணல். ஆஸ்பத்திரி பில் பாதியை இன்சூரன்ஸ் கொடுத்தது; மீதிக்கு ராஜி வளையலைக் கழற்றினாள், அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவள் உத்தரவு. சம்பந்தியம்மாள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் தினமும் மதியம் போன் வரும். நலம்கூட விசாரிக்கமாட்டார். "குழந்தை தூங்குதா? தொட்டுப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அதிசயமாக எனக்குக் கண் செருகியது. கூடத்தில் பாயைப் போட்டுப் படுத்தேன். உள்ளே கவிதாவும் குழந்தையும் தூங்கினார்கள். அத்தான் நாற்காலியிலேயே குறட்டை. பாதி கண்ணைத் திறந்து பார்த்தால், அக்கா ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தையின் உள்ளங்காலை விரலால் தொட்டாள். அது காலை உதறியது. கவிதாவின் நெற்றியில் கை வைத்தாள். அத்தானின் குறட்டையைக் கொஞ்சநேரம் நின்று கேட்டாள். கடைசியாக என் பக்கம் வந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாதத்தில் கிள்ளினாள். "ஏலே, தூங்குதியா?"

இந்தக் கேள்விக்கு நாற்பது வருஷமாக எரிந்துதான் விழுந்திருக்கிறேன்.

"இல்லக்கா. முழிச்சுதான் இருக்கேன்."

"சரி, தூங்கு" என்று சொல்லிவிட்டு அவள் காபி போடப் போனாள்.